மூன்று சோபா, ஒரு கதவு: சார்த்ரின் 'மீள முடியுமா?' சிறு குழுவுக்குத் தோதானதா?

அடுத்து என்ன நாடகம் போடலாம் என்று தேடும் சிறு குழுக்களின் கைக்கு எப்படியும் ஒருமுறை வந்து சேரும் பிரதி, பிரெஞ்சு எழுத்தாளரும் தத்துவவாதியுமான ழான்-போல் சார்த்ரின் 'ஹுயி க்ளோ'. பிரெஞ்சிலிருந்து நேரடியாக வெ. ஸ்ரீராம் மொழிபெயர்க்க, 'மீள முடியுமா?' என்ற பெயரில் க்ரியா வெளியிட்ட புத்தகம். நடிகர்கள் நான்கே பேர். ஒரே அறை. இடைவேளை கிடையாது. மொத்தம் 80 முதல் 90 நிமிடம். பார்த்தவுடன் செலவில்லாத நாடகம் என்று தோன்றும். ஆள் கணக்கில் அது சரி. பொருள் கணக்கில் தவறு. இந்த நாடகத்தில் அறையில் இருக்கும் ஒவ்வொரு சாமானையும் பற்றி யாராவது ஒருவர் வசனம் பேசுகிறார். ஒன்றைக் குறைத்தாலும் ஒரு வசனம் அந்தரத்தில் தொங்கும். அதைத் தெரிந்துகொண்டு இறங்குகிற குழுவுக்கு இதைவிட நல்ல பிரதி கிடைப்பது அரிது.

கதை தெரியாதவர்களுக்கு: இறந்துபோன மூவரைப் பணியாள் ஒருவன் ஒவ்வொருவராக ஓர் அறையில் கொண்டுவந்து விடுகிறான். கார்சன் பத்திரிகையாளன், இனெஸ் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவள், எஸ்தெல் பணக்காரக் கணவனை மணந்த பாரிஸ் அழகி. அது நரகம். கொதிக்கும் எண்ணெயும் இல்லை, சித்திரவதைக்காரனும் இல்லை. மூவரும் அவனுக்காகக் காத்திருந்து, அந்த வேலையை ஒருவருக்கொருவர் தாங்களேதான் செய்யப்போகிறோம் என்பதைப் புரிந்துகொள்வதுதான் நாடகம்.

இது சிறு குழுவுக்கு ஏன் பொருந்துகிறது என்பதற்குக் காரணம் பிறப்பிலேயே இருக்கிறது. மூன்று நண்பர்களுக்கு ஒரு நாடகம் வேண்டும், எவருக்கும் மற்றவரைவிடப் பெரிய பாத்திரம் அமையக்கூடாது, எவரும் பாதியில் மேடையை விட்டுப் போகக்கூடாது என்பதுதான் தன் முன் இருந்த கணக்கு என்று சார்த்ர் பின்னாளில் சொன்னார். மூவரை எப்படி ஒரே இடத்தில் அடைத்து வைப்பது என்று யோசித்ததில் நரகம் கிடைத்தது. முதலில் எழுத்தாளர் ஆல்பெர் காம்யு இயக்கி, கார்சனாக நடிப்பதாகவும் இருந்தது. விடுதி அறைகளில் ஒத்திகை நடந்தது. அது கைகூடவில்லை. பிறகு 1944 மே 27-ல், ஜெர்மானியர் பிடியில் இருந்த பாரிஸில், வியூ கொலம்பியே அரங்கில் ரேமோன் ரூலோ இயக்கத்தில் மேடையேறியது. நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கியது அதற்குப் பத்து நாள் கழித்து. விடுதி அறையில் ஒத்திகை பார்க்கக்கூடிய அளவு என்பதே இந்த நாடகத்தின் சரியான அளவு. 60 முதல் 100 பேர் அமரும் கூடத்தில் இது கடிக்கும். 800 பேர் அரங்கில் வெறும் பேச்சாகிவிடும். ஒருவரை மற்றவர் பார்க்கும் பார்வைதான் இங்கே ஆயுதம். அந்தக் கண் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும்.

இனி அறைக்கு வருவோம். சார்த்ர் கேட்பது பிரான்சின் இரண்டாம் பேரரசுக் காலத்து, அதாவது 1852 முதல் 1870 வரையிலான பாணியில் ஒரு வரவேற்பறை. அசல் பாணி தேவையில்லை. 'பழைய பணக்காரத்தனம், இப்போது யாரும் விரும்பி வாங்காதது' என்ற எண்ணம் வந்தால் போதும். ஆனால் சோபா மூன்று இருந்தே ஆக வேண்டும். நிறமும் பெரும்பாலும் பிரதியிலேயே முடிவாகிவிட்டது. எஸ்தெலுக்குக் கிடைப்பது பசலைக்கீரைப் பச்சை. அவள் அணிந்திருப்பதோ வெளிர் நீலம். இதில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அலறுகிறாள். இனெஸ் தன்னுடைய ஒயின் சிவப்பு சோபாவைத் தர முன்வருகிறாள். அதுவும் சரிப்படாது, அவருடையதுதான் ஓரளவு ஒத்துப்போகும் என்று எஸ்தெல் காட்டுவது கார்சனின் சோபாவை. ஆக, கார்சனுடையதை நீலமாக வைத்துக்கொள்ளலாம். செத்த பிறகும் உடைக்கு ஏற்ற இருக்கை தேடுகிறாள் என்பதில் எஸ்தெலின் முழுக் குணமும் வந்துவிடுகிறது. இனெஸின் உபசரிப்பு தோற்று, கார்சன் பக்கம் எஸ்தெல் திரும்பும் முதல் கணமும் இதுவே. மூன்று கறுப்புப் பெட்டிகளை வைத்துவிட்டு 'குறியீடு' என்று சொல்லும் குழுக்கள் இந்த இடத்தைத்தான் முதலில் இழக்கின்றன.

இரண்டு பேர் நெருங்கி உட்காரும் அளவு, நான்கிலிருந்து ஐந்தடி அகலம் போதும். தனி நாற்காலி வேண்டாம். இனெஸ் எஸ்தெலைத் தன் பக்கத்தில் உட்கார வைப்பதும், பிறகு கார்சனும் எஸ்தெலும் அணைத்துக்கொள்வதும் சோபாவில்தான். பழைய சோபாவை வாங்கி உறை மாற்றுவது மலிவு. ஒன்றுக்கு 54 அங்குல அகலத் துணி சுமார் 8 மீட்டர் வரை போகும். துணியை வாங்கும் முன் ஒரு சாண் வெட்டி, நாடகத்துக்குப் பயன்படுத்தப்போகும் விளக்கின் கீழேயே வைத்துப் பாருங்கள். சிவப்பு, பச்சை, நீலத்தைக் கலந்து வெள்ளை தரும் மலிவான எல்.இ.டி பார் விளக்கில் ஒயின் சிவப்பு சேற்று நிறமாகும், முகமும் வெளிறும். விளக்கின் முன் நீல ஜெலட்டின் தாள் போட்டால் சிவப்பு சோபா கறுப்பாகவே தெரியும். சோபாக்களை முக்கோணமாக, ஒன்றிலிருந்து மற்றதற்கு ஆறடி இருக்கும்படி போடுவது நல்லது. உட்கார்ந்தபடி கை எட்டக்கூடாது, எழுந்தால் இரண்டே எட்டில் போய்விட வேண்டும். இதற்கு 20 அடிக்கு 16 அடி இடம் கண்டிப்பாக வேண்டும். அதைவிடச் சிறிய மேடையில் மூவரும் எப்போதும் நெருங்கியே இருப்பார்கள். 'என்னை நெருங்காதே' என்பதற்கு அர்த்தமே இராது.

கணப்பின், அதாவது குளிர்காயச் சுவரில் அமைத்த அடுப்பின், மேல் ஒரு வெண்கலச் சிலை. பார்பெதியென் போன்ற பாரிஸ் பட்டறைகள் 19ஆம் நூற்றாண்டில் வசதியான வீடுகளுக்காக வார்த்துத் தள்ளிய ரகம். முதல் காட்சியிலேயே, இதைத் தூக்கி விளக்கின் மேல் எறிந்தால் என்ன என்று கார்சன் கேட்கிறான். கனம், தூக்க முடியாது என்கிறான் பணியாள். கார்சன் முயன்று பார்த்துத் தோற்கிறான். பேப்பர் மாஷேயிலோ ஃபைபரிலோ செய்த பொம்மையை நடிகர் 'கனமாக' நடித்துத் தூக்க முயன்றால் முதல் வரிசைக்கே பொய் தெரியும். சிலையின் அடியில் போல்ட் வைத்து மேல்தட்டோடு முறுக்கிவிடுங்கள். கணப்பையும் மேடைத் தரையோடு பிணைத்துவிடுங்கள். நடிகர் முழு பலத்தோடு இழுக்கலாம். நடிப்பே தேவைப்படாது. கடைசிப் பகுதியில் கார்சன் அதே சிலையைத் தடவிக்கொண்டு பேசும்போது, அது அசையாது என்பது பார்ப்பவர்களின் கைக்கே தெரிந்திருக்கும்.

அறையில் இல்லாதவையும் இருப்பவை அளவு முக்கியம். சன்னல் இல்லை. கண்ணாடி இல்லை. தன் முகத்தைப் பார்க்க முடியாத எஸ்தெலுக்கு உதட்டுச் சாயம் பூச இனெஸ் கண்ணாடியாக அமைவதும், உன் கன்னத்தில் சிவப்பாக ஏதோ இருக்கிறது என்று பொய் சொல்லி அவளைப் பதற வைப்பதும் இந்த நாடகத்தின் மிகக் கூர்மையான பகுதி. ஆகவே மேடையில் முகம் தெரியும் பரப்பு ஒன்றுகூட இருக்கக்கூடாது. பளபளக்கும் வார்னிஷ், கண்ணாடி போட்ட படச்சட்டம், மெருகேற்றிய பித்தளை, கறுப்பு வினைல் தரை எல்லாவற்றையும் மங்கலாக்குங்கள். இனெஸாக நடிப்பவர் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தால் கழற்றச் சொல்லுங்கள். இனெஸ் முதுகைக் காட்டி உட்கார்ந்தால் காட்சி முழுவதும் மறைந்துவிடும். இருவரையும் பக்கவாட்டில் வையுங்கள். உதட்டுச் சாயம் நிஜமாகவே பூசப்பட வேண்டும், கண்ணாடி இல்லாமல் பூசுவதற்கு எஸ்தெல் வாரக்கணக்கில் பழக வேண்டும். ஒட்டாத மேட் வகையே வாங்குங்கள். இல்லாவிட்டால் பின்னால் கார்சனின் சட்டையில் கறையாகும். அதை மாற்றிக்கொள்ள அவர் வெளியே போகவே முடியாது.

விளக்கு. நரகத்தில் இமைப்பதில்லை, தூக்கமில்லை, விளக்கை அணைக்கும் சுவிட்சும் இல்லை. பணியாளுக்கு இமை அசையாது என்பதைக் கார்சன் கண்டுபிடித்துச் சொல்கிறான். இதன் அர்த்தம், ஒளியமைப்பாளருக்கு இந்த நாடகத்தில் ஒரே ஒரு க்யூதான், விளக்கை மாற்றச் சொல்லும் ஒரே ஒரு குறிப்புதான். ஏற்றியது ஏற்றியபடி. அவ்வளவுதான். ஒவ்வொருவரும் பூமியில் தங்களை மறந்துகொண்டிருப்பவர்களைப் பார்க்கும் இடங்களில் சிவப்பு ஸ்பாட், வீடியோ, புகை என்று இறங்குவதுதான் குழுக்கள் அடிக்கடி செய்யும் பிழை. கார்சன் தன் பத்திரிகை அலுவலகத்தைப் பார்க்கிறான். இனெஸ் பார்ப்பது தன் அறை வாடகைக்குப் போவதை. எஸ்தெல் கண்ணில் படுவது, தன்னைக் கொண்டாடிய பையன் வேறொருத்தியோடு ஆடுவது. அவர்களுக்குத் தெரிகிறது, பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவில்லை. நமக்கும் தெரியக்கூடாது. பார்வையாளர் பக்கம் தரை மட்டத்தில் மூன்று புள்ளிகளைக் குறித்து, மூவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தால் போதும். கண்கள் கீழே, தூரத்தில் எதையோ தொடர்கின்றன. பின் ஒருநாள் அந்தப் புள்ளி வெறும் தரையாகிவிடுகிறது. அந்த இழப்பை முகம் மட்டுமே காட்ட முடியும்.

பழைய ஹாலஜன் விளக்குகள் கிடைத்தால் விடாதீர்கள். அறை புழுங்குகிறது என்று கார்சன் கோட்டைக் கழற்றப் போக, சட்டையோடு நிற்கும் ஆண்களைப் பார்க்கச் சகிக்காது என்று எஸ்தெல் தடுப்பாள். ஹாலஜனின் கீழ் அந்த வேர்வை நிஜம். கணக்கு மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 1000 வாட் விளக்கு எட்டு என்றால் 8 கிலோவாட், 230 வோல்ட்டில் சுமார் 35 ஆம்பியர். ஒரு 15 ஆம்பியர் சாக்கெட்டில் மூன்றுக்கு மேல் மாட்டக்கூடாது. பாதி நாடகத்தில் ஃப்யூஸ் போனால் 'அணைக்க முடியாத விளக்கு' என்ற அடித்தளமே போய்விடும்.

மணிக்கு ஒரு வரலாறே இருக்கிறது. முதல் காட்சியில் கார்சன் அழுத்த, அது ஒலிக்கிறது. பணியாளே வியந்து, தானும் ஒருமுறை அழுத்திப் பார்க்கிறான், மறுபடி ஒலிக்கிறது. உள்ளே ஏதோ சிக்கிக்கொண்டிருக்கிறது, நம்ப வேண்டாம் என்கிறான். அதோடு சரி, அதன் பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் மௌனம். எனவே மேடையில் உள்ள பொத்தான் வெறும் பொம்மையாக இருக்கட்டும். மணியை மேடை நிர்வாகி பின்னாலிருந்து அடிக்கட்டும். பொத்தானுக்கே ஒயர் கொடுத்தால், ஒலிக்கக்கூடாத ஐந்தாம் காட்சியில் ஒலித்துவிடும் ஆபத்து உண்டு. வயர்லெஸ் மணி அரை நொடி தாமதிக்கும், நகைச்சுவை கெட்டுவிடும்.

காகிதம் வெட்டும் கத்தி இன்றைய பார்வையாளருக்குப் புரியாத பொருள். அந்நாளில் பிரெஞ்சுப் புத்தகங்கள் பக்கங்கள் பிரிக்கப்படாமலே விற்பனைக்கு வரும், வாங்கியவர்தான் வெட்டிக்கொண்டு படிக்க வேண்டும். புத்தகமே இல்லாத அறையில் அந்தக் கத்தி எதற்கு என்ற கேள்விக்குப் பணியாள் தோளைக் குலுக்குகிறான். கார்சன் கத்தியை எடுத்து, இல்லாத ஒரு பக்கத்தைப் பிரிப்பதுபோல் ஒரு சைகை காட்டினால் போதும், விளக்கம் தேவையில்லை. முடிவில் எஸ்தெல் அதைக் கொண்டு இனெஸைக் குத்துகிறாள். இனெஸ் சிரிக்கிறாள், ஏற்கெனவே செத்தவளை என்ன செய்வாய் என்று. தயவுசெய்து ரத்தம் வேண்டாம். ரத்தம் வந்தால் அவள் உயிரோடு இருந்தாள் என்று ஆகிவிடும். உள்ளே சுருங்கும் விளையாட்டுக் கத்தியும் வேண்டாம், அதன் ஸ்பிரிங் சிக்கினால் நிஜமாகவே குத்தும். நுனி உருட்டிய, மழுங்கிய அலுமினியப் பட்டை, பார்வையாளருக்கு மறைவான பக்கத்தில், உடலைத் தாண்டிப் போகும் கோணத்தில்.

கதவுதான் இந்த நாடகத்தின் உச்சம். அதில்தான் மேடை அமைப்பாளர்கள் மிக அதிகம் தவறுகிறார்கள். கார்சன் இரண்டு கைகளாலும் கதவை அடிக்கிறான், எந்தச் சித்திரவதையும் இதைவிட மேல் என்று கத்துகிறான், கதவு திடீரென்று திறந்துகொள்ள, விழப் போகிறான். அப்படி விழப் போக வேண்டுமென்றால் கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவு அவன் மூஞ்சியில்தான் இடிக்கும். தாழ்ப்பாள் வெளியே, மேடை நிர்வாகியின் கையில். திறந்த கதவு தானாக மூடிக்கொள்ளாதபடி கீலை அமைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, திறந்த பிறகு என்ன தெரிகிறது என்பது முக்கியம். தாழ்வாரத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கார்சன் முன்பே கேட்டிருக்கிறான்: வேறு அறைகள், வேறு தாழ்வாரங்கள், படிக்கட்டுகள். அதற்கப்பால்? அவ்வளவுதான். அந்தப் பதிலை ஞாபகம் வைத்திருக்கும் பார்வையாளர், கதவு திறந்தவுடன் கறுப்புத் திரையையும், பச்சை 'வெளியேறு' விளக்கையும், போன் பார்த்துக்கொண்டிருக்கும் உதவியாளரையும் பார்க்கக்கூடாது. கதவுக்குப் பின்னால் நாலடி நீளத்துக்காவது அதே வர்ணச் சுவர், அதே அளவு வெளிச்சம். அங்கே இருட்டு வைத்தால் பயந்துதான் போகவில்லை என்று ஆகும். அவர்கள் போகாததற்குக் காரணம் அதுவல்ல. தன்னைக் கோழை என்று அறிந்த இனெஸின் மனத்தை மாற்றாமல் கார்சனால் அந்த அறையை விட்டு நகர முடியவில்லை.

இங்கேதான் ஒரு வெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இனெஸ் பெண்களை விரும்புகிறவள். அது வம்பு என்று பயந்து, அவளை வெறும் பொறாமைக்காரியாக மாற்றிப் போடுவதுண்டு. பழைய பயம்தான் இது. லண்டனில் தணிக்கை அதிகாரி பொது மேடைக்கு அனுமதி தரவில்லை. 1946-ல் உறுப்பினர் மன்றமாக இயங்கிய ஆர்ட்ஸ் தியேட்டரில்தான் பீட்டர் புரூக் இதைப் போட முடிந்தது, கார்சனாக அலெக் கின்னஸ். இனெஸுக்கு எஸ்தெல் வேண்டும். எஸ்தெலுக்கு எந்த ஆணாவது வேண்டும், இருப்பவன் கார்சன் ஒருவன். கார்சனுக்கோ இனெஸின் தீர்ப்பு வேண்டும். யாருக்கு எது வேண்டுமோ அதைத் தர முடியாதவரிடம்தான் அது இருக்கிறது. இந்த வட்டம்தான் எஞ்சின். ஒரு கண்ணியை எடுத்துவிட்டால் 70 நிமிடம் சண்டை மட்டுமே மிஞ்சும். வெட்டித்தான் போடுவோம் என்றால் வேறு நாடகம் பாருங்கள்.

மொழியைப் பொறுத்தவரை தமிழ்க் குழுக்களுக்கு ஆங்கிலக் குழுக்களுக்கு இல்லாத ஒரு சொத்து இருக்கிறது. பிரெஞ்சில் மரியாதைக்கு ஒன்று, நெருக்கத்துக்கு ஒன்று என்று 'நீங்கள்', 'நீ' தனித்தனி. மூவரும் 'நீங்கள்' என்றுதான் தொடங்குகிறார்கள். இனெஸ் ஒருமையில் பேசலாமா என்று கேட்க, பெண்களை ஒருமையில் அழைக்க எனக்கு வராது என்று எஸ்தெல் விலகுகிறாள். யார் எப்போது 'நீ'க்கு இறங்குகிறார், அது காதலா அவமதிப்பா என்பதிலேயே பாதி நாடகம் நகர்கிறது. ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே சொல். நமக்கு அது வாயிலேயே இருக்கிறது. ஒத்திகையின் முதல் வாரத்தில் பிரதி முழுக்க ஒவ்வொரு 'நீ', 'நீங்க'வையும் இரண்டு நிறத்தில் அடிக்கோடிடுங்கள். பேச்சு நடைக்கு மாற்றும்போது இந்த இறக்கங்கள் குழம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடிகர்களுக்கு நேரும் பெரிய விபத்து, வசனம் தாவுவது. ஐந்து காட்சிகளில் முதல் நான்கும் சிறியவை. மீதி முழுவதும் ஐந்தாம் காட்சி. அதில் கார்சன் கதவுக்குப் போவது, இனெஸ் குத்திக்காட்டுவது, எஸ்தெல் கொஞ்சுவது என்று ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வரும். ஒத்த வரிகளில் வழுக்கி நான்கு பக்கம் தாண்டிவிடுவார்கள். மூடிய அறையில் பக்கத் திரையிலிருந்து எடுத்துக்கொடுக்கவும் வழியில்லை. இதற்கு ஐந்தாம் காட்சியைப் பத்துப் பன்னிரண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பொருள் அடையாளம் வையுங்கள்: கோட் யார் தோளில், உதட்டுச் சாயம் எங்கே, யார் எந்த சோபாவில். பொருள் இருக்கும் இடத்தைப் பார்த்தாலே எந்தத் துண்டு என்று உடல் சொல்லிவிடும். கணப்பின் கம்பி வலைக்குப் பின்னால் பிரதியோடு ஒருவரை உட்கார வைக்கலாம். அந்த இடம் அதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். எட்டு வார ஒத்திகையில் ஐந்து வாரம் ஐந்தாம் காட்சிக்கே போக வேண்டும். பணியாளாக நடிப்பவர் இமைக்காமல் இருக்க முடியாது, முயன்றால் கண்ணீர்தான் வரும். கார்சன் அவன் கண்ணைப் பற்றிப் பேசும் சில வரிகளுக்கு மட்டும் தாக்குப்பிடித்து, திரும்பும்போதெல்லாம் இமைத்துக்கொள்ளட்டும்.

'நரகம் என்பது மற்றவர்கள்' என்ற வரியை விளம்பரப் பலகையில் போடுவதோடு நிறுத்துங்கள், மேடையில் முழங்காதீர்கள். மனித உறவே விஷம் என்று தான் சொல்லவில்லை, உறவுகள் கோணலாகிப்போனால் மற்றவர் நரகமாகிறார் என்றுதான் சொன்னேன் என்று சார்த்ரே 1965-ல் விளக்க வேண்டி வந்தது. கார்சன் அதை அப்போதுதான் கண்டுபிடிக்கிறான். கண்டுபிடிப்பவனின் குரலில், சற்று ஆச்சரியத்தோடு வந்தால் போதும்.

உரிமை விஷயம்: சார்த்ர் இறந்தது 1980-ல். இந்தியாவில் 60 ஆண்டு கணக்குப்படி 2040 முடியும்வரையும், பிரான்சிலும் இலங்கையிலும் 70 ஆண்டு கணக்குப்படி 2050 முடியும்வரையும் பதிப்புரிமை உண்டு. பிரெஞ்சுப் பதிப்பாளர் கலிமார். தமிழ் மொழிபெயர்ப்புக்குத் தனி உரிமை, அதற்குத் தனி அனுமதி. பொழுதுபோக்குக் குழு கட்டணம் வாங்காமல் நடத்தும் நிகழ்ச்சிக்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்கு தருகிறது. டிக்கெட் போட்டால் அந்த விலக்கு இல்லை. கூடத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே கடிதம் போட்டுவிடுங்கள்.

மூன்று தேர்ந்த நடிகர்கள் இருக்கும் குழு இதைத் தயங்காமல் எடுக்கலாம். இருபது பேருக்கும் பாத்திரம் தர வேண்டிய கல்லூரிக் குழுவுக்கு இது ஆகாது. இரண்டு நல்லவர்கள், ஒரு சுமாரானவர் என்றாலும் ஆகாது, எஞ்சிய இருவரும் யாரையும் சார்ந்து நிற்க முடியாமல் போவார்கள்.

முடிவில் மூவரும் சிரித்து ஓய்ந்து, ஆளுக்கொரு சோபாவில், தத்தம் நிறத்தில் விழுகிறார்கள். நீண்ட மௌனம். ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். கார்சன் எழுந்து, 'சரி, தொடருவோம்' என்கிறான். பிரதியில் அடுத்தது திரை. திரை இல்லாத கூடத்தில் விளக்கை மெல்ல மங்க வைக்கும் ஆசை வரும். வேண்டாம். மேடை விளக்கை அப்படியே விட்டு, பார்வையாளர் பக்க விளக்குகளையும் போட்டுவிடுங்கள். நடிகர்கள் வணங்க வரவேண்டாம், மக்கள் எழுந்து வெளியேறும்வரை அவர்கள் அந்த அறையிலேயே இருக்கட்டும்.